கழுவ வேண்டாத குவளை

காபி என்றதும் நகரத்து நண்பர்களுக்குப் பித்தளை டவராவும் நுரை பொங்கும் டம்ளரும் நினைவுக்கு வரும். நமக்கு நினைவுக்கு வருவது மலை. நாம் வாழும் ஊர் காளப்பநாயக்கன்பட்டி. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலை செல்வோர், காரவள்ளி அடிவாரத்தை எட்டுவதற்குமுன் கடந்து செல்லும் ஊர். கடந்து செல்லும் ஊர் என்றுதான் பலரும் அறிவர். இறங்கிப் பார்ப்போர் குறைவு. காரவள்ளியில் தொடங்கும் பாதை 70 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. வல்வில் ஓரி ஆண்ட மலை என்று புலவர்கள் புகழ்ந்தது அதைத்தான். புகழப்பட்ட மன்னனுக்குச் சிலை உண்டு. புகழப்படாத மலைமக்களுக்கு உழைப்பு உண்டு. சில்வர் ஓக் மரங்களைத் தழுவி மிளகுக் கொடி ஏறியிருக்கும். அந்த நிழலில் காபிச் செடி நிற்கும். கார்த்திகை பிறந்தால் பழம் சிவக்கத் தொடங்கும்.

ஒரே கொத்தில் சிவந்த பழமும் இருக்கும், பச்சைக் காயும் இருக்கும். சிவந்ததை மட்டும் விரலால் தேர்ந்து பறிக்க வேண்டும். மற்றது பழுக்கட்டும் என்று விட்டுவிட்டு, மறுபடியும் அதே செடிக்கு வர வேண்டும். பறித்ததைத் தோலுரித்து, ஊறவைத்து, கழுவி, வெயிலில் உலர்த்தி, மேலோடு நீக்கினால், 5 அல்லது 6 கிலோ பழத்துக்கு ஏறத்தாழ 1 கிலோ கொட்டை கிடைக்கும். அதன் பிறகே வறுப்பதும் அரைப்பதும் வடிப்பதும்.

மலைச்சரிவில் நிற்கும் செடியைப் பற்றி இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், 2025ஆம் ஆண்டில் நாம் ஒரு விமான நிலையத்தில் காபி குடித்தோம்! குடித்ததோடு விட்டிருக்கலாம். சிந்திக்கவும் நேர்ந்தது.

பயணத்தின் காரணம் மகிழ்ச்சிக்குரியது. நம் தந்தையாருக்கு நெடுநாள் தோழர் ஒருவர். எண்பதைக் கடந்த பெரியவர். வாழ்நாளின் பெரும்பகுதியை மரவள்ளிக் காடுகளில் பிறருக்காகக் கிழங்கு பிடுங்கிக் கழித்தவர். ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்ட தெருவில் பிறந்தவர் என்றால் தோழர்கள் புரிந்துகொள்வீர்கள். அவருடைய பேத்தி டில்லியில் மேற்பட்டப் படிப்பு முடித்திருந்தாள். பட்டமளிப்பு நாளில் தாத்தா பக்கத்தில் இருந்தே தீர வேண்டும் என்று அடம்பிடித்து, தன் உதவித்தொகையில் மிச்சம் பிடித்த பணத்தில் விமானச் சீட்டும் எடுத்து அனுப்பிவிட்டாள். வழித்துணை நாம்.

இரண்டு மணி நேரம் முன்னதாக வந்துவிடுங்கள் என்பது கட்டளை. வந்தோம். சோதனைகள் எல்லாம் முடிந்தன. பெரியவரின் வேட்டி மடிப்பைத் தடவிப் பார்த்த காவலர், "போங்க அய்யா" என்றார். அந்த 'அய்யா'வை அவர் கவனித்தார் என்பதை நாம் கவனித்தோம். விமானம் ஏற முக்கால் மணி இருந்தது. விடியற்காலைப் பேருந்தில் கிளம்பியவர்கள், வயிறு நினைவூட்டியது.

விமான நிலையத்தின் பெயரும் வேண்டாம், கடையின் பெயரும் வேண்டாம். எல்லா விமான நிலையங்களிலும் அந்தக் கடை இருக்கிறது. கண்ணாடிப் பேழைக்குள் இனிப்புப் பண்டங்கள் விளக்கொளியில் வீற்றிருந்தன. அவற்றுள் ஒரு பேஸ்ட்ரி: மாவையும் வெண்ணெயையும் மாறி மாறி மடித்துச் சுட்ட அடுக்குப் பண்டம், நடுவில் பழக்கூழ். டேனிஷ் என்று சீட்டு சொருகியிருந்தார்கள். டென்மார்க் மக்களோ அதை வியன்னா ரொட்டி என்கிறார்கள். 1850இல் அந்நாட்டு ரொட்டித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முதலாளிகள் ஆஸ்திரியாவிலிருந்து ஆட்களை வரவழைத்தார்கள் என்றும், வந்தவர்கள் தம் ஊர் வழக்கப்படி சுட்டதிலிருந்தே இந்தப் பண்டம் பிறந்தது என்றும் கதை சொல்லப்படுகிறது. வேலைநிறுத்தத்தை முறிக்க வந்த பண்டம்! அதற்காகத் தோழர்கள் அதை விலக்கிவைக்க வேண்டியதில்லை. சுவை நன்றாகவே இருந்தது. "கச்சாயத்தை மெத்தை மாதிரிப் பண்ணிட்டாங்க கண்ணு" என்றார் பெரியவர். தோளில் கிடந்த துண்டில் உதிர்ந்த துகளையும் அவர் விடவில்லை. பாதியைத் தாளில் மடித்து, பேத்திக்கென்று பைக்குள் வைத்துக்கொண்டார்.

காபி ஒன்று 290 ரூபாய். பேஸ்ட்ரி 260. இரண்டு காபியும் ஒரு பேஸ்ட்ரியும் 840 ரூபாய். பெரியவருக்கு ஆங்கிலம் தெரியாது, எண்கள் தெரியும். சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். ஒன்றும் பேசவில்லை. அவருடைய மருமகள் நூறு நாள் வேலைக்குச் செல்பவர். 2025–26க்குத் தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். இரண்டரை நாள் கூலி, சரியாக 840! காலையில் பதிவேட்டில் பெயர் கொடுத்து, மண் வெட்டி, வெயிலில் நின்று, மூன்றாம் நாள் நண்பகல் வரை உழைத்தால் இந்த மேசையில் கால் மணி நேரம் அமரலாம். இக்கணக்கை அவரும் போட்டிருப்பார். நாமும் போட்டோம். இருவரும் வெளியே சொல்லவில்லை.

ஆனால் அன்று நம்மை உலுக்கியது விலை அன்று. குடித்து முடித்த காகிதக் குவளையைக் கையில் பிடித்தபடி பெரியவர் எழுந்தார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். பிறகு நம்மிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்:

"ஏங் கண்ணு, இதெ எங்க கழுவி வெக்கோணும்?"

"கழுவ வேண்டாங்க அய்யா. அந்தத் தொட்டியிலே போட்டுடலாங்க."

"எல்லாருமா?"

"எல்லாருந்தானுங்க."

அவர் நம்பவில்லை. பக்கத்து மேசையில் கழுத்துப்பட்டை அணிந்த ஒருவர் குடித்து முடித்து எழுந்து, தம் குவளையைத் தொட்டியில் போட்டுவிட்டுச் செல்லும் வரை காத்திருந்தார். அதன்பின் தாமும் சென்று போட்டுவிட்டு வந்தார்.

படித்தவர் சிலருக்கு இது சிரிப்பாகத் தோன்றலாம், பட்டிக்காட்டு முதியவரின் அறியாமை என்று. அறியாமையா அது? பயிற்சி! அறுபது, எழுபது ஆண்டுகளுக்குமுன் தரப்பட்ட பயிற்சி, கையிலிருந்து இன்னும் இறங்கவில்லை. அவர் இளைஞராக இருந்தபோது மலையிலிருந்து வாழைத்தாரும் மிளகும் தலைச்சுமையாக இறங்கின. சுமை இறக்கிவிட்டு வரும் வழியில், சிற்றூர் ஒன்றில் தேநீர்க் கடை. கடைக்கு முன்புறம் ஊராருக்கு, பின்புறம் இவர்களுக்கு. முதலில் கொட்டாங்குச்சியில் ஊற்றினார்களாம், எட்ட நின்று, மேலிருந்து. பிற்பாடு நாகரிகம் வந்தது! கூரைச் சரிவில் ஆணியடித்துத் தனிக் கண்ணாடிக் குவளைகளை மாட்டினார்கள். குடிக்க வேண்டும், தாமே கழுவ வேண்டும், தாமே மாட்ட வேண்டும். காசைத் திண்ணையில் வைத்தால், கடைக்காரர் தண்ணீர் தெளித்து எடுத்துக்கொள்வார். குவளைக்கு ஒட்டிய தீட்டு ஒருநாளும் போகாது. காசுக்கு ஒட்டிய தீட்டு ஒரு கைத் தண்ணீரில் போய்விடும். சாத்திரம் எவ்வளவு சாமர்த்தியமானது பாருங்கள்!

பதினேழு வயதில் ஒருநாள், மழை இருட்டில், வேறு ஆணியில் கிடந்த குவளையை அவர் எடுத்துவிட்டார். கடைக்காரர் அதை வாங்கிக் கல்லில் அடித்து உடைத்தார். உடைத்த குவளையின் விலையை அவருடைய தந்தையின் கூலியில் பிடித்துக்கொண்டார்கள். இதைப் பெரியவர் விமானத்தில், மேகத்துக்கு மேலே, சன்னலைப் பார்த்தபடி நம்மிடம் சொன்னார். சினம் இல்லாமல் சொன்னார். அந்தச் சினமின்மைதான் நம் நெஞ்சைச் சுட்டது.

இப்போது காபியின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பாருங்கள். எத்தியோப்பியாவின் செடி, அரபு நாட்டின் பானம். ஏமன் நாட்டு மோக்காவிலிருந்து பாபா புதன் என்ற இசுலாமியப் பெரியார் ஏழு விதைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பது செவிவழிச் செய்தி. தோட்டம் தோட்டமாகப் பயிரிட்டவன் வெள்ளைக்காரன். பறித்தவர்கள் மலைமக்களும் தோட்டத் தொழிலாளர்களும். கலக்கும் சிக்கரியோ ஐரோப்பாவில் பழகிய வேர். இத்தனை கைகள் பட்டு, இத்தனை கடல் கடந்து, இத்தனை மதங்களைத் தொட்டு வந்த பானத்தை வடித்து வைத்துவிட்டு, வாசலில் 'பிராமணாள் காபி கிளப்' என்று பலகை மாட்டினார்கள்! விதையைத் தொட்டவன் யார், பழத்தைப் பறித்தவள் யார், பாலைக் கறந்தவன் யார் என்று அவர்கள் கேட்கவில்லை. குடிக்க வருபவன் யார் என்பதை மட்டும் கேட்டார்கள்.

வழிப்பயணியின் காபிக்கும் இதே கதிதான். விமான நிலையம் இல்லாத நாளில் ரயில் நிலையம் இருந்தது. வண்டி வருவதற்குள் ஒரு வாய் காபி குடிக்க நிலையத்துச் சிற்றுண்டிச்சாலைக்குள் நுழைந்தால், பிராமணருக்கு ஓரிடம், இதரருக்கு ஓரிடம். பயணச்சீட்டின் விலையில் வேற்றுமை இல்லை. வண்டியின் வேகத்தில் வேற்றுமை இல்லை. இலை போடும் இடத்தில் வேற்றுமை! நீதிக்கட்சியும் பெரியாரும் தொடர்ந்து கண்டித்து வந்த இந்த ஏற்பாடு 1941இல் ரயில் நிலையங்களில் ஒழிந்தது. நகரத்து விடுதிகளில் பலகை மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தது. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே என்ற விடுதியின் முன் திராவிடர் கழகத் தோழர்கள் மறியல் தொடங்கினர். நாள்தோறும் சென்றார்கள், நாள்தோறும் கைதானார்கள். 1958இல் பலகையிலிருந்து அந்தச் சொல் இறங்கிற்று.

மறியலின்போது எதிர்த்தரப்பார் முன்வைத்த வாதம் நமக்கு இன்று பெரிதும் பயன்படும். கடை அவருடையது, பலகை அவருடையது, பிடிக்காதவன் உள்ளே போகாமல் இருக்கட்டுமே என்றார்கள். சொந்த உடைமை, சொந்த உரிமை என்ற வாதம். பார்வைக்கு நியாயம் போலவே இருக்கும். ஆனால் அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு கடைகளையும் பொது உணவு விடுதிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சாதி, மதம், இனம் காரணமாக எவரையும் அங்கே தடுக்கலாகாது என்கிறது. 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் அதற்கெனத் தனிச் சட்டமும் வந்தது. பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிட்டவன், அவர்களில் ஒருவனை மட்டும் பார்த்து 'என் வீடு' என்று சொல்ல முடியாது என்பதே இவற்றின் உட்பொருள்.

கடலுக்கு அப்பாலும் இதே வாதம் கிளம்பிற்று. அமெரிக்காவில் கிரீன்ஸ்பரோ நகரில் 1960 பிப்ரவரி 1ஆம் நாள், கறுப்பின மாணவர் நால்வர் உல்வொர்த் கடையின் உணவு மேடையில் அமர்ந்து காபி கேட்டார்கள். தரவில்லை. எழவும் இல்லை. மறுநாள் மேலும் பலர் வந்து அமர்ந்தார்கள். ஜூலையில் அந்த மேடை எல்லாருக்கும் திறந்தது. நம் பொருளுக்கு இதைவிட நெருக்கமான வழக்கொன்று உண்டு. மெம்ஃபிஸ் நகர விமான நிலையத்து உணவு விடுதியில் டர்னர் என்ற கறுப்பினத்தவருக்கு மற்றவர்களோடு சமமாக அமர்ந்து உண்ண இடம் மறுக்கப்பட்டது. விடுதியை நடத்தியவர்கள் நகரத்திடம் குத்தகைக்கு எடுத்த தனியார். 1962இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: இடம் நகரத்துக்குச் சொந்தம், குத்தகைக்காரரும் அரசியல் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரே. குத்தகைச் சீட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வழியில்லை!

பலகை இறங்கிவிட்டது. மகிழ்ச்சி. எழுபது ஆண்டுகளுக்குமுன் கற்பனைக்கும் எட்டாத காட்சியை நாம் கண்ணால் கண்டோம். பெரியவரும் கழுத்துப்பட்டைக்காரரும் ஒரே வரிசையில் நின்று, ஒரே வகைக் குவளையில், ஒரே பொறியிலிருந்து வடிந்த காபியைக் குடித்தார்கள். பெயரைக் கேட்டார்கள், குவளையில் எழுதுவதற்காக, தெருவைக் கேட்கவில்லை. இந்த வெற்றியைச் சிறிதென்று சொல்பவன் அந்தக் கண்ணாடிக் குவளை உடைந்த ஓசையைக் கேட்டிராதவன்.

அந்த வாசலில் இப்போது வேறொரு பலகை தொங்குகிறது. அதில் சாதிப் பெயர் இல்லை, எண் இருக்கிறது. 290 என்ற எண் பாதிப் பேரை எட்ட நிறுத்திவிடுகிறது. கேட்டால் மீண்டும் அதே விடை: கடை அவருடையது, விலை அவருடையது, பிடிக்காவிட்டால் குடிக்காதே.

மலையில் விளைந்த பொருளின் விலையா அந்த 290? 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகாக் காபி ஒரு ராத்தல் 4 டாலரைத் தாண்டிற்று. அதற்குமுன் கண்டிராத உச்சம். அந்த உச்ச விலையிலேயே கணக்கிட்டாலும், ஒரு குவளைக்குத் தேவையான 15 கிராம் கொட்டையின் விலை 12 ரூபாயை ஒட்டித்தான் வரும். பால், சர்க்கரை, குவளை, கூலி, மின்சாரம் எல்லாம் சேருங்கள். தாராளமாகவே சேருங்கள். 290 வராது. மீதி எங்கே போகிறது? கணிசமான பகுதி இடத்துக்குப் போகிறது. விமான நிலையத்தை நடத்துவோருக்குக் கடைக்காரர் வாடகையாகவும் விற்பனையில் பங்காகவும் கட்ட வேண்டியது பெருந்தொகை. வந்தவன் வெளியே போய் வேறு கடை தேட முடியாது என்பது அந்தத் தொகையைத் தாங்கும் தூண்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி விமான நிலையங்களுக்கென ஒரு பொருளாதார ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. பெரிய நிலையங்களில் விமானம் தரையிறங்க என்ன கட்டணம், நிறுத்திவைக்க என்ன கட்டணம் என்பதையெல்லாம் அது ஆராய்ந்து வரையறுக்கிறது. தேநீருக்கும் காபிக்கும் அப்படி வரையறுப்பார் இல்லை. அதுமட்டுமா? 2016ஆம் ஆண்டு விமானப் போக்குவரத்துக் கொள்கையின்படி, கடைகள் முதலியவற்றிலிருந்து நிலையம் பெறும் வருவாயில் 30 விழுக்காட்டைக் கணக்கில் எடுத்து, விமானக் கட்டணங்களின் சுமையைக் குறைக்கிறார்கள். பெரியவர் காபிக்குக் கொடுத்த காசில் ஒரு துளி, அந்தப் பெரிய இறக்கைக்கு நிழல் பிடிக்கப் போயிருக்கிறது! அவரிடம் இதைச் சொல்லியிருந்தால் ஒருவேளை சிரித்திருப்பார்.

ஏழைகள் மட்டும் புலம்பும் குறை இது என எண்ணிவிட வேண்டாம். 2018 மார்ச்சில், முன்னாள் நிதியமைச்சர் ப. சிதம்பரம் சென்னை விமான நிலையத்தில் தேநீர் கேட்டார். 135 ரூபாய் என்றார்கள், காபி 180. திகைத்து, வேண்டாம் என்று வந்துவிட்டதாக அவரே எழுதினார். நாட்டின் வரவு செலவையே வகுத்தவர், ஒரு குவளைத் தேநீருக்கு நிதி ஒதுக்க மறுத்துவிட்டார்! 2024 டிசம்பரில் நாடாளுமன்ற மாநிலங்களவையில் ராகவ் சத்தா இதே குறையை எழுப்பினார். அதே மாதம் கொல்கத்தா விமான நிலையத்தில் உடான் யாத்ரி கபே என்ற மலிவு விலைக் கடை அறிவிக்கப்பட்டது. 2025 பிப்ரவரியில் சென்னைக்கும் அது வந்தது. பெயரில் தமிழ் மணக்கவில்லை என்பதை ஒருபுறம் வையுங்கள், விலையைப் பாருங்கள். தேநீர் 10 ரூபாய். தண்ணீர் 10 ரூபாய். காபி 20 ரூபாய். சமோசா 20, இனிப்பு 20.

அதே கூரை, அதே தரை, அதே காவல், அதே விளக்கு. காபி 20 ரூபாய்! அப்படியானால் 290 என்பது இயற்கையின் விதியா? மழை பெய்வது போலவும் ஞாயிறு எழுவது போலவும் மாற்ற முடியாத ஒன்றா? ஒரு கையெழுத்தில் இறங்கக்கூடிய எண் அது. கேட்க ஆளில்லாத வரை ஏறிநின்றது. கேட்டதும் ஒரு மூலையில் இறங்கிவந்தது.

ஒரு மூலையில் என்பதைத்தான் நாம் ஏற்க மறுக்கிறோம். பளபளக்கும் கடைகளுக்கு நடுவே ஒரே ஒரு மலிவுக் கடை. அதன்முன் நீண்ட வரிசை. நாளடைவில் அது 'அவர்களுக்கான கடை' ஆகிவிடும் என்ற அச்சம் நமக்கு உண்டு. முன்புறம் ஊராருக்கு, பின்புறம் இவர்களுக்கு என்ற ஏற்பாட்டை வாழ்நாளெல்லாம் பார்த்த மண் இது. அரசுக்குச் சொந்தமான இடத்தைக் குத்தகைக்கு விடும்போது, எந்தக் கடையாயினும் சாதாரணத் தேநீரும் சாதாரணக் காபியும் வரையறுத்த விலையில் விற்றே ஆக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். அவர்கள் பாதாம் பாலில் கலந்த காபியை ஆயிரம் ரூபாய்க்கு விற்கட்டும். அதே மேடையில் 20 ரூபாய்க் காபியும் இருக்கட்டும். மெம்ஃபிஸ் நகரத்துக் குத்தகைக்காரருக்குச் சமத்துவம் கட்டாயமானது போல, நம் ஊர்க் குத்தகைக்காரருக்கு இது கட்டாயமாகலாம்.

நண்பர் ஒருவர் குறுக்கிட்டார்: "விமானத்தில் பறப்பவனுக்கு எதற்கையா மலிவுக் காபி? அவன் பணக்காரன்தானே?" பெரியவரைப் பணக்காரர் என்கிறாரா? திருச்சி விமான நிலையத்தில் ஒரு மாலைப்பொழுது நின்று பார்க்கட்டும். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் கட்டட வேலைக்குச் செல்வோர், கயிற்றால் கட்டிய பெட்டியோடு, கடன் வாங்கிய சீட்டோடு அமர்ந்திருப்பார்கள். பெட்டி தூக்குவோர், தரை துடைப்போர், வண்டி தள்ளுவோர் என அங்கே உழைப்பவர்கள் வேறு. கடையிலிருந்து பத்தடி தள்ளி, தூணுக்குப் பின்னால், துடைப்பக் கட்டையைச் சாய்த்து வைத்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த சிறு பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மையாரை நாம் கண்டோம். "கடையிலே குடிக்கிறதில்லைங்களா அக்கா?" என்றோம். "அங்கே குடிச்சா சம்பளத்தையே குடிச்சமாதிரிங்க" என்றார். அவர் துடைத்த தரையில்தான் நாம் அமர்ந்திருந்தோம்.

காகிதக் குவளையைப் பற்றியும் ஒரு சொல். விமான நிலையத்தில் அது சமத்துவச் சின்னமாக நமக்குத் தோன்றிற்று. எல்லாருக்கும் அதுவே என்பதால். ஊர்ப்புறத்தில் அதற்கு வேறொரு வேடம் உண்டு. சட்டம் கடுமையான பிறகு, தனிக் குவளையை ஆணியில் மாட்டினால் வழக்கு வரும் என்ற அச்சம் வந்தது. அச்சத்திலிருந்து அறிவு பிறக்கவில்லை, தந்திரம் பிறந்தது. ஊராருக்கு எவர்சில்வர் டம்ளர், குறிப்பிட்ட தெருவாருக்கு மட்டும் தூக்கி எறியும் குவளை. கேட்டால் சுகாதாரம் என்பார்கள்! சுகாதாரம் வேண்டியது ஒரு தெருவுக்கு மட்டுந்தானா? தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இப்படிப்பட்ட கடைகள் இருப்பதைக் கள ஆய்வு செய்தோர் எழுதியிருக்கிறார்கள். ஆகவே குவளை எதனால் செய்யப்பட்டது என்று பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. பக்கத்தில் இருப்பவன் கையில் என்ன குவளை இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரியவர் விமான நிலையத்தில் செய்தது அதைத்தான். கழுத்துப்பட்டைக்காரர் கையைப் பார்த்துவிட்டல்லவா நம்பினார்!

ஊர் திரும்பியதும் இச்செய்தியை நம் படிப்பகத்து இளைஞர்களிடம் சொன்னோம். விமான நிலையத்துக் குத்தகையில் ஒரு வரி சேர்க்கக் கோரும் மனு ஒன்றை அவர்கள் எழுதி முடித்திருக்கிறார்கள். கையெழுத்து வாங்கும் பணி நடக்கிறது. அத்துடன் அவர்களே வேறொரு திட்டமும் வகுத்தார்கள். வரும் ஞாயிறன்று, எல்லாத் தெருக்களிலிருந்தும் இருவர் இருவராகச் சேர்ந்து, நம் வட்டாரத்துத் தேநீர்க் கடைகளுக்குச் செல்வது. ஒன்றாக அமர்வது. எல்லாருக்கும் ஒரே வகைக் குவளை கேட்பது. தருகிற கடைக்கு நன்றி சொல்லி, இன்னொரு தேநீரும் வாங்கிக் குடிப்பது. தராத கடையின் முன் மறுநாளும் வந்து அமர்வது. காலை 7 மணிக்குப் படிப்பகத்தில் கூடுகிறார்கள். தேநீர்க் காசு அவரவர் பொறுப்பு.